பியூலாவின் குரல் பற்றி நான் சொன்ன சாட்சி

முதலில் போனது மேல் ஸ்தாயி. ஷார்ஜாவில் எங்கள் தமிழ் ஐக்கியத்தின் ஆராதனையில் கீர்த்தனைகளின் சரணத்தை என் மனைவி பியூலாதான் எடுத்துக் கொடுப்பாள். அன்று சரணம் உயரும் இடத்தில் அவள் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை, காற்று மட்டும் வந்தது. கூட்டம் பாடிக்கொண்டே போய்விட்டதால் யாரும் கவனிக்கவில்லை. மைக் பார்த்துக்கொள்ளும் டேனியல் மட்டும், எல்லாம் முடிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டே கேட்டான். "டீச்சர், காய்ச்சல் உங்களுக்கா, நம்ம மைக்குக்கா?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலும் ஒரு கீறல் இருந்தது.

குரல்வளைப் புற்றுநோய் வந்தவர்களுக்காகவும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வேறு சிலருக்காகவும் எழுதுகிறேன். பியூலா குணமடைந்தாள் என்று நான் மேடையில் பேசும் வீடியோ ஒன்று உண்டு. அது இன்னும் போன்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் இதையும் படிக்க வேண்டும். அதில் நான் சொல்வது உண்மையல்ல.

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். திருநெல்வேலிப் பக்கத்து மிஷனரி சங்கம் ஒன்று எங்களை ஜெபித்து அனுப்பியது. விசாவும் சம்பளமும் இங்குள்ள இந்தியப் பள்ளிக்கூடத்தினுடையவை. நான் கணக்கு, அவள் தமிழ். வீடு ஷார்ஜாவின் முவைலா பகுதியில். விடுமுறை நாளில் சர்ச் காம்பவுண்டில் எங்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் ஆராதனை. மலையாளிகள் முடித்து வெளியே வரும்போது நாங்கள் உள்ளே போவோம். நாங்கள் முடிப்பதற்குள் பிலிப்பினோக்கள் கிட்டாரோடு வாசலில் வந்து நிற்பார்கள்.

காம்பவுண்டுக்கு வெளியே பிரசங்கம் கிடையாது. அது இந்த நாட்டுச் சட்டம். அதை மீறும் எண்ணமும் எங்களுக்கு இருந்ததில்லை. தொழிலாளர் தங்கும் கேம்ப்களுக்குப் போனால் ஆங்கிலம் மட்டும் சொல்லிக்கொடுப்போம். டூட்டி முடிந்து குளித்து ஈரத் தலையோடு வந்து உட்காரும் ஆட்களுக்கு, லீவு கேட்பது எப்படி, நெஞ்சு வலிக்கிறது என்று சொல்வது எப்படி என்று பியூலா கற்றுக்கொடுப்பாள். பெரும்பாலும் இந்துப் பையன்கள். ஊர்க் கோவில் பிரசாதத்தை அவளிடமும் நீட்டுவார்கள். வாங்கிக்கொண்டு, யார் கொடுத்துவிட்டது, அம்மாவா என்று விசாரிப்பாள்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகும்போது சங்கம் எங்களைச் சபை சபையாக அழைத்துப் போகும். மற்ற மிஷனரிகளும் வருவார்கள். ஒருவர் காட்டுக்குள் மலேரியாவோடு கிடந்ததைச் சொல்வார். ஒருவர் தன்னை ஊரைவிட்டுத் துரத்தியதைச் சொல்வார். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். என் முறை வரும்போது சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்காது. லிஃப்ட் உள்ள கட்டடத்தில் குடியிருக்கிறேன், அல்ஜீப்ரா நடத்துகிறேன் என்பதைச் சாட்சியாகச் சொல்ல முடியுமா?

ஒருமுறை சபை விருந்தில், அசனப் பந்தியில் ஒரு பெரியவர் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். "சார்வாளுக்கென்ன, ஏசி ரூம் மிஷனரில்லா." பந்தி சிரித்தது. நானும் சிரித்தேன். பியூலாவுக்கு அது உறைக்கவே இல்லை. "நாம என்ன சிங்கக் கெபியிலயா கிடக்கோம்? ஏசியிலதானே இருக்கோம்" என்றாள். எனக்கு அது பல வருடம் உள்ளே கிடந்து அறுத்தது. பின்னால் நடந்ததற்கு இதுதான் வேர் என்று இப்போது நினைக்கிறேன். காரணம் சொல்லித் தப்புவதற்காக இதை எழுதவில்லை.

கரகரப்பு போகவில்லை. வகுப்பில் ஒரு பையன், "மேம், யூ சவுண்ட் லைக் மை தாத்தா" என்றானாம். அதை வீட்டில் வந்து நடித்துக் காட்டிச் சிரித்தாள். பிறகு நான்தான் முவைலாவில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். ஆசிரியர்களுக்கு நோட்யூல் (குரல்நாண்களில் வரும் சிறு காய்ப்பு) வருவது சாதாரணம் என்றார் டாக்டர். வீக்கம் வற்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். பேச்சை அடியோடு நிறுத்தச் சொன்னார். குரல் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் மறுபடி வர வேண்டும், லாரிங்கோஸ்கோப்பி (மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டுக் குரல்வளையைப் பார்க்கும் சோதனை) செய்தாக வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். திரும்பினாலும் என்று அவர் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது.

ஐக்கியத்தில் ஜெபக் குறிப்பாகச் சொன்னேன். ஊரில் சங்கத்துக்கும் சொன்னேன். அவர்கள் குடும்பம் குடும்பமாக நேரம் பிரித்துக்கொண்டு சங்கிலி ஜெபம் செய்தார்கள். அந்த அன்பில் ஒரு குறையும் இல்லை. குறை என்னிடம்தான்.

அரசு வார விடுமுறையை மாற்றியதால் வெள்ளிக்கிழமை ஆராதனை ஞாயிறுக்கு மாறிய புதிது அது. ஒரு ஞாயிறு காலை பியூலா அடுக்களையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். பழைய குரல். முழுவதும் இல்லை, ஆனால் பழைய குரல்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆராதனை அரங்குக்குப் போனதும் நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லி மைக்கை வாங்கினேன்.

மருத்துவர் கைவிட்ட குரலைக் கர்த்தர் திரும்பத் தந்தார் என்று சொன்னேன். மருத்துவர் கைவிடவில்லை. மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பரிசோதனை பாக்கி இருப்பதையும் சொல்லவில்லை. என் கண்ணீர் நிஜம். வாயிலிருந்து வந்ததுதான் பொய். கடைசியில் அவள் பக்கம் திரும்பி, "பாடு பியூலா" என்றேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து பாடினாள்.

டேனியல் அதைப் படம்பிடித்து, அடியில் வயலின் இசை சேர்த்து அனுப்பினான். மாலைக்குள் அது ஊரில் சபை சபையாகப் போய்விட்டது. ஏசி ரூம் என்று சொன்ன பெரியவரே போனில் அழைத்து அழுதார். முப்பது வருட ஊழியத்தில் முதல்முறையாக என்னிடம் சொல்வதற்கு ஒரு கதை இருந்தது.

அன்று காரில் வரும்போது பியூலா கேட்டாள். "டாக்டர் திரும்ப வரச் சொன்னாருல்லா?"

"அதான் சரியாப் போச்சே."

"குரல் வந்தாலும் வாங்கன்னு சொன்னாரே."

அந்தக் கிளினிக்கின் வரவேற்பில் இருக்கும் பெண் எங்கள் ஐக்கியத்தைச் சேர்ந்தவள். நான் சொன்னேன்: "இன்னைக்கு மேடையில சாட்சி சொல்லிட்டு நாளைக்கு அங்க போய் டோக்கன் போட்டு உக்காந்தா, அந்தப் பொண்ணு என்ன நினைப்பா?"

பியூலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அதுவும் சரிதான்" என்றாள். வண்டியை நிறுத்திவிட்டு, பார்க்கிங்கில் நின்றபடியே போன் செய்து, குறித்திருந்த நேரத்தை ரத்து செய்தேன்.

சபைக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு ஒன்று விளங்க வேண்டும். எங்களிடையே சாட்சி சொல்வது வெறும் செய்தி அறிவிப்பு அல்ல. சொன்ன பிறகு அது சபைக்குச் சொந்தம். குணமானேன் என்று சொன்னவர் மறுபடி நோயாளியாக வந்து நின்றால், அவர் சந்தேகப்பட்டுக் கிடைத்த சுகத்தை இழந்துவிட்டார் என்று பேசுவார்கள். அப்படி நானே பேசியிருக்கிறேன். ஆகையால் பியூலா நோயாளியாக இருக்கும் உரிமையை நான் அன்று மேடையில் வைத்து எடுத்துவிட்டேன்.

மாத்திரை தீர்ந்த சில வாரங்களில் குரல் மறுபடி தேய்ந்தது. அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் கதவைச் சாத்திக்கொண்டு ஆவி பிடித்தாள். மிளகும் பனங்கற்கண்டும் கைப்பைக்குள் போயின. வகுப்பில் பிள்ளைகளையே உரக்க வாசிக்க வைத்தாள். ஐக்கியத்தில், இளம் சகோதரிகளுக்கு வாய்ப்புக் கொடுப்போம் என்று நானே அறிவித்து, சரணம் எடுக்கும் பொறுப்பை அவளிடமிருந்து மாற்றினேன். டீச்சருக்கு எவ்வளவு தாழ்மை என்று பாராட்டினார்கள். டேனியல் அதன்பின் மைக்கைப் பற்றி வேடிக்கை பேசவில்லை.

சங்கம் ஆன்லைன் கூட்டங்களுக்கு என்னை அழைத்துக்கொண்டே இருந்தது. சகோதரியும் இரண்டு வார்த்தை சொல்லட்டுமே என்பார்கள். அவள் வேறு வேலையாக இருக்கிறாள் என்பேன். அவள் பக்கத்து அறையில், விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருப்பாள். வெளியில் வாயைக் காத்துப் பிழைக்கப் பழகியவர்கள் நாங்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

பிறகு படுத்தால் மூச்சில் ஒரு சீழ்க்கை கேட்க ஆரம்பித்தது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து தூங்கினாள். எனக்குக் கேட்டது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். தெரியாமல் செய்தவர்களுக்கு மன்னிப்பு உண்டு என்று எத்தனையோ பேருக்குப் போதித்திருக்கிறேன். நான் தெரிந்தே செய்தேன்.

இந்தப் பொய் உடைந்த இடம் அல் ஐன் நகரம். சாந்தி என்கிற பெண் அங்கிருந்து போன் செய்தாள். அவள் கணவர் மைக்கேல், அரபிகள் அணியும் நீண்ட கந்தூரா அங்கி தைக்கும் டெய்லர். அவருக்கும் பல மாதமாகக் குரல் கம்மியிருந்தது. எங்கள் வீடியோவைப் பார்த்திருக்கிறார்கள். அக்கா வந்து தலையில் கைவைத்து ஜெபித்தால் போதும் என்றாள். எப்படி மறுப்பது என்று தெரியாமல் ஒப்புக்கொண்டேன். பியூலாவிடம் சொன்னபோது அவள் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

கடைக்கு மேலே ஒற்றை அறை. மைக்கேல் எங்களைப் பார்த்ததும் எழுந்து, வெட்டிய துணி அடுக்கியிருந்த நாற்காலியைக் காலி செய்து கொடுத்தார். சாந்தி சந்தோஷத்தில் படபடவென்று பேசினாள். "நாளைக்கு ஆஸ்பத்திரில கேமரா வச்சுப் பார்க்கறதா இருந்துச்சுக்கா. உங்க வீடியோவைப் பார்த்துட்டு, இனி அது எதுக்குன்னு இவரே வேணாம்னு சொல்லிட்டாரு."

ஜெபிப்போம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். பியூலா என் முழங்கையைப் பிடித்தாள்.

"எனக்குச் சரியாகல" என்றாள். காகிதம் கிழிவதுபோல வந்தது. "அன்னைக்கு மாத்திரையில கொஞ்சம் வந்துச்சு. பொறவு போயிட்டு. நானும் கேமரா வைக்கல. நீங்க நாளைக்குப் போங்க."

கீழே கடையில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. சாந்தி என்னைப் பார்த்தாள். இந்த வயதில் இப்போதும், மற்ற எல்லாம் மங்கிய பிறகும், அந்தப் பார்வை மங்கவில்லை. பியூலா மைக்கேலின் தலையில் கைவைத்துக் கண்ணை மூடினாள். வாய் அசைந்தது. சத்தம் வந்ததா என்று எனக்குத் தெரியாது.

திரும்பும் வழியில் மணல்மேடுகளைத் தாண்டினோம். பிறகு அவள் கேட்டாள். "நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போவீயளா, நான் ஒத்தையில போகட்டுமா?"

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கேமராத் திரையில் வெள்ளையான குரல்நாண்களுக்கு மேல் சிவந்து பொருக்குத் தட்டிய ஒரு மேடு தெரிந்தது. பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) முடிவு வந்தபோது எங்களை உட்காரவைத்துப் பேசியவர் எகிப்து நாட்டு அறுவை மருத்துவர். சிகரெட் பழக்கம் உண்டா என்று பியூலாவிடம் கேட்டார். "சாக்பீஸ்தான் பிடிச்சிருக்கேன்" என்றாள். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கட்டி குரல்வளையைத் தாண்டி வளர்ந்துவிட்டது, மூச்சு வழியையும் அடைக்கிறது என்றார். லாரிங்செக்டமி (குரல்வளையை முழுவதும் எடுத்துவிடும் அறுவை) தவிர வழியில்லை. ஆரம்பத்தில் வந்திருந்தால் கதிர்வீச்சு மட்டுமே போதுமானதாக இருந்திருக்கலாம், குரலும் தங்கியிருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

பழைய கிளினிக்கின் குறிப்பு அவர் கையில் இருந்தது. ஏன் இவ்வளவு மாதம் வரவில்லை என்று கேட்டார். குற்றம் சாட்டும் தொனி இல்லை. அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

பள்ளியில் பரீட்சை நேரம், இவளுக்கு ஓய்வே கிடைக்கவில்லை என்றேன்.

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. பியூலா என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினாள். குரல் போகப்போகிற செய்தியைக் கேட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்போதும் அவள் என் மானத்தைக் காப்பாற்றினாள்.

அபுதாபியில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஷெரின் வந்தாள். இங்கேயே வளர்ந்தவள், ஆங்கிலத்தில்தான் அழுவாள். அம்மாவின் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம், ஒரு பாட்டு, ஒரு கதை, ஏதாவது என்று போனைத் தூக்கினாள். பியூலா கையால் போனை இறக்கினாள். "ரெக்கார்ட் பண்ணுனது போதும்" என்றாள். ஷெரினுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் அவள் கீழே உள்ள மளிகைக் கடைக்குப் போன் செய்து, ஒரு வாரத்துக்கு எனக்கு வேண்டியதைச் சொல்லி, கறிவேப்பிலையைச் சும்மா போட வேண்டும் என்று கடைக்காரப் பையனிடம் ஹிந்தியில் சண்டை பிடித்தாள். அந்தக் குரலைக் கேட்டு அவன் யாரோ ஆண்பிள்ளை என்று நினைத்து "பாய், பாய்" என்றானாம். பிறகு ஆஸ்பத்திரிப் படுக்கையில், தள்ளிக்கொண்டு போக ஆள் வந்து நின்றபோது, ஜெபிக்கலாமா என்று நான் குனிந்தேன். அவள் என் காதருகே கேட்டாள்.

"கேஸை அடைச்சீயளா?"

அவளுடைய சொந்தக் குரலில் நான் கேட்ட கடைசி வார்த்தை அது. அடைத்துவிட்டேன் என்றேன். அடைத்தேனா என்பது எனக்கு நினைவில்லை.

வராந்தாவில் காத்திருந்தபோது ஷெரின் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். வீடியோ அவளுக்கும் எப்போதோ வந்திருக்கிறது. அதன் பின்னால் எங்கள் வீட்டில் நடந்தது அவளுக்குத் தெரியாது. இப்போது மாதங்களைக் கூட்டிப் பார்த்திருக்கிறாள். தலையைத் தூக்கி, "அப்பா, யூ நியூ?" என்றாள். தெரியும் என்றேன். அவள் எழுந்து வராந்தாவின் மறுமுனைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். வெகுநேரம் கழித்து எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தாள். பக்கத்தில் உட்காரவில்லை.

இதே அறுவைக்குப் போகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். விழித்ததும் கழுத்தின் அடியில் ஒரு ஸ்டோமா (மூச்சுக்காக அமைக்கும் துளை) இருக்கும். அதன்பின் மூச்சு அந்த வழியாக மட்டுமே. இருமினால் சளி அங்கிருந்து வரும். பார்க்கிறவர் முகம் சுளிக்கக் கூடாது. நான் முதல்முறை சுளித்தேன். அவள் பார்த்துவிட்டாள். குளிக்கும்போது தண்ணீர் துளைக்குள் போகக் கூடாது. மணல் காற்று அடிக்கும் நாளில் ஈரத் துணி மறைப்பு இல்லாமல் பால்கனிக்குக்கூடப் போகக் கூடாது. யாராவது மயங்கிக் கிடந்தால் வாயில் காற்று ஊதுவார்களே, இவர்களுக்குக் கழுத்தில்தான் ஊத வேண்டும். அதை எழுதிய அட்டை எப்போதும் கூட இருக்க வேண்டும். மணம் தெரியாது. காற்று மூக்கு வழியாகப் போவதில்லை அல்லவா. இதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒருநாள் சாம்பார் அடிப்பிடித்துப் புகைந்தபோதுதான் தெரிந்தது.

அறுவை முடிந்து தெளிந்த பிறகு அவள் போனைக் கேட்டு வாங்கி முதலில் தட்டிய சொல்: "கேஸ்?"

அடைத்தாயிற்று என்று வாய்வரை வந்தது. நிறுத்தினேன். "தெரியல, பியூலா. நெனைவில்லாம அடைச்சேன்னு சொல்லிட்டேன். ஷெரினைப் போய்ப் பாக்கச் சொல்லுதேன்." வெகுகாலத்துக்குப் பின் அவளிடம் நான் சொன்ன உண்மை அது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வாயோரம் அசைந்தது. அது சிரிப்பா வலியா என்று நான் முடிவு செய்யவில்லை. ஷெரின் போய்ப் பார்த்துச் சொன்னாள்: அடுப்புத் திருகு மூடியிருந்தது, ரெகுலேட்டர் திறந்தே கிடந்தது.

கதிர்வீச்சு முடிந்தது. உமிழ்நீர் வற்றி, சோறு மரத்தூள்போல ஆகி, மெல்ல மெல்லத் திரும்பியது. மறுபடி வந்து பார்த்த எகிப்து டாக்டரிடம், பரீட்சை என்று நான் சொன்னது பொய் என்று சொன்னேன். அவர் பியூலாவின் கோப்பை மூடி வைத்தார். பிறகு, கலாஸ், முடிந்தது முடிந்தது, இனி ஒரு பரிசோதனையையும் தவறவிடாதே என்றார்.

மைக்கேலுக்கு இருந்தது புற்றுநோய் இல்லை, பாலிப் (சாதாரண சதை வளர்ச்சி). எடுத்துவிட்டார்கள். அக்கா ஜெபித்ததால்தான் என்று சாந்தி எல்லோரிடமும் சொல்லி வருவதாகக் கேள்விப்பட்டு, பியூலா கோபமாக அவளுக்குச் செய்தி அனுப்பினாள். டாக்டரையும் சேர்த்துச் சொல்லணும், இல்லாவிட்டால் என் பெயரை எடுக்கக் கூடாது என்று.

நான் சபையில் சாட்சியைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. எங்கள் ஐக்கியத்தின் மூப்பர் சாமுவேல், துபாய் தேராவில் ஒரு வியாபார அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர், நல்ல மனிதர், வீட்டுக்கு வந்தார். "சார்வாள், கடவுள்கிட்ட அறிக்கை பண்ணுங்க. பொதுவுல எதுக்கு? புதுசா வந்த பலவீனமானவங்க விசுவாசம் என்ன ஆகும்?" என்றார். பல மாதம் நான் எனக்குள்ளே சொல்லிக்கொண்ட வாதம் அதுவேதான். சொல்லத்தான் போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஞாயிறு அதே இடத்தில் நின்று சொன்னேன். மாத்திரை, பரிசோதனை, பார்க்கிங்கில் செய்த போன், இரவில் கேட்ட மூச்சு. அரங்கில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. சிலர் தலை குனிந்திருந்தார்கள். இருவர் எழுந்து வெளியே போனார்கள். எல்லாப் பழியும் என்னுடையது, பியூலாவுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை என்று முடித்தேன். முடிக்கும்போது உள்ளே எங்கோ ஒரு திருப்தி எட்டிப் பார்த்தது. நன்றாகச் சொன்னேன் என்ற திருப்தி. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பியூலா கை தூக்கினாள். அப்போது அவளுக்குப் பேச்சு வால்வு பொருத்தியிருந்தது. துளையை விரலால் மூடினால் நெஞ்சுக் காற்று தொண்டைக்குப் போய்க் கனத்த ஒரு குரலாக வரும். டேனியல் மைக்கைக் கொண்டுபோய் அவள் வாயருகே பிடித்தான்.

"எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கிடாதீய" என்றாள் என்னைப் பார்த்து. விரலை எடுத்து மூச்சு வாங்கி, மறுபடி மூடினாள். "பாடுனது நான்தானே."

நான் உட்கார்ந்தேன். அதற்கு மேல் பேச எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

அன்று அரங்கில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர். வீடியோ பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. போன கிறிஸ்மஸுக்குக்கூட யாரோ அதை நட்சத்திரப் படத்தோடு எனக்கே அனுப்பினார்கள். அனுப்புகிறவர்களிடம் இது பொய் என்று எழுதுகிறேன். சிலர் பதில் போடுகிறார்கள், பலர் போடுவதில்லை. ஓர் அம்மாள், சாத்தான் உங்களைச் சோதிக்கிறான் சார் என்று எழுதினார். சங்கம் எங்களுக்கு மரியாதையாக ஓய்வு கொடுத்தது. மகளின் விசாவில் இங்கேயே இருக்கிறோம். கேம்பில் ஆங்கில வகுப்பை இப்போது நான் நடத்துகிறேன். பியூலா பின்வரிசையில் இருந்து, தப்பாகச் சொல்கிறவனைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவாள்.

நோய் எங்கள் வீட்டு நேரத்தை மாற்றிவிட்டது. அவள் ஒரு வாக்கியம் சொல்ல, விரல் கழுத்துக்குப் போக வேண்டும், மூச்சு நிரம்ப வேண்டும், பாதியில் நிறுத்தி மறுபடி நிரப்ப வேண்டும். முதலில் அந்த இடைவெளிகளில் நானே அவள் வாக்கியத்தை முடித்துவிடுவேன். உதவி என்று நினைத்தேன். ஒருநாள் அவள் விரலை எடுத்துவிட்டு, நான் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மறுபடி மூடி, வேறொன்றைச் சொன்னாள். அவள் சொல்ல வந்தது நான் முடித்தது அல்ல. இந்த வாழ்நாள் முழுவதும் எத்தனை வாக்கியங்களை அப்படி முடித்திருப்பேனோ. இப்போது காத்திருக்கிறேன். காத்திருக்கும்போது அவள் மூச்சு உள்ளே போவதும் வருவதும் கேட்கிறது. அப்போது நான் சுவர்ப்பக்கம் திரும்புவதில்லை.

வெளியே கிளம்பும்போது அவள் கழுத்துக்கு விரலைக் கொண்டுபோவாள். கேட்கப் போவது எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டு முடிக்கட்டும் என்று நிற்பேன். "கேஸ்?" முன்பெல்லாம் வாசலில் செருப்பைப் போட்டபடியே, அடைச்சாச்சு என்று சொல்லிவிடுவேன். இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறேன். அடுப்பருகே குனிந்து முகர்கிறேன். இந்த வீட்டில் மணம் தெரிகிற மூக்கு என்னுடையது ஒன்றுதான். திருகுகளையும் ரெகுலேட்டரையும் கையால் தொட்டுப் பார்க்கிறேன். அதுவரை அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். திரும்பி வந்து, பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.